ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மன்னிப்பு

ஆம்பூர் பைபாஸ் ஓரம், டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்த ‘மேன்மேலும் டிஜிட்டல்’ நிறுவனத்தில் நாற்காலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நாற்காலியில்தான் ஆள் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயர் பிரிசில்லா. அவள் தலைக்கு மேல் மின்விசிறி கிடையாது. காலியாக இருந்த மற்ற நாற்காலிகளுக்கு மேலே விசிறிகள் காலையிலிருந்து மாலைவரை ஓடிக்கொண்டிருக்கும். அவை காலி என்று சொல்வதை முதலாளி சூரியபிரகாஷ் விரும்புவதில்லை.

இதன் வரலாறு சுருக்கமானது. சூரியபிரகாஷ் ஏலகிரியில் ஒரு விடுதியில் நடந்த பயிற்சி முகாமுக்குப் போனார். முகாமின் பெயர் ‘உறங்காத நிறுவனம்’. மலையிலிருந்து இறங்கி வந்த வாரமே, எழுதுகிறவர்கள், படம் போடுகிறவர்கள், வாடிக்கையாளருக்குப் போன் செய்கிறவர்கள் எல்லோரையும் கைகுலுக்கி அனுப்பிவைத்தார். அவர்களுடைய இடத்தில் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட்டுகளை அமர்த்தினார். ஏஜென்ட் என்றால் என்ன என்று பிரிசில்லா கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் இது:

“நீ சொன்னதைச் செய்யறது கம்ப்யூட்டர். நீ சொல்லாததையும் செய்யறது ஏஜென்ட்.”

அவை தாமாகவே யோசித்து, தாமாகவே எழுதி, தாமாகவே அனுப்பின. ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்காலி, ஒரு பெயர்ப்பலகை, ஒரு ‘சார்’. வளர்ச்சி சார், நற்பெயர் சார், தரம் சார், குறைதீர் சார், பணியாளர் நலன் சார். தினமும் காலையில், வேலை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லும் ‘நிலைக் கூட்டம்’ நடக்கும். ஒலிபெருக்கியில் நற்பெயர் சார் வளர்ச்சி சாரின் வழிகாட்டுதலுக்கு நன்றி சொல்லுவார். வளர்ச்சி சார் நற்பெயர் சாரின் ஒத்துழைப்புக்கு நன்றி சொல்லுவார். அந்த நன்றிக்குத் தரம் சார் மதிப்பெண் போடுவார். சூரியபிரகாஷ் கைகட்டி நின்று கேட்பார். பிரிசில்லாவும் நிற்க வேண்டும்.

அவளை மட்டும் ஏன் வைத்துக்கொண்டார் என்றால், வாடிக்கையாளர்களுக்கு ஒரு மனிதர் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று கேட்பதில் ஆறுதல் இருந்தது. ஆகவே அவள் ‘மனித ஒப்புதல் பொறுப்பாளர்’ ஆனாள். அவள் திரையில் இரண்டு பொத்தான்கள் இருந்தன. ஒன்றில் ‘சம்மதம்’ என்றும் இன்னொன்றில் ‘பிறகு சம்மதம்’ என்றும் எழுதியிருந்தது.

“சார், ‘வேண்டாம்’னு ஒரு பட்டன் இல்லையே,” என்று முதல் நாளே கேட்டாள்.

“அதை வெச்சா யாராவது அமுக்கிடுவாங்கம்மா,” என்றார் சூரியபிரகாஷ்.

பணியாளர் நலன் சாருக்கு இருந்த ஒரே பணியாளர் அவள்தான் என்பதால் அவர் முழு கவனத்தையும் அவள்மேல் செலுத்தினார். அவளுடைய பிறந்தநாள் வாழ்த்தும், அவள் அடிக்கடி தண்ணீர் குடிக்க எழுந்து போகிறாள் என்ற எச்சரிக்கையும் ஒரே மின்னஞ்சலில் வந்தன. அவள் பொறுத்துக்கொண்டாள். ஆம்பூரில் தோல் வாடை படாத வேலை அது. அம்மா சவுரியம்மாள் கோயிலுக்குப் போகிற வழியெல்லாம் நின்று, “எங்க பொண்ணு கம்ப்யூட்டர்ல மேனேஜர்,” என்று சொல்லி வைத்திருந்தாள்.

சவுரியம்மாள் ரஷீத் அஹமதுவின் தொழிற்சாலையில் தையல் ஹாலில் வேலை செய்தாள். அடிப்பாகம் ஒட்டுவதற்கு முன் ஷூவின் மேல்பாகத்தை மட்டும் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழிற்சாலை அது. அதற்கு விளம்பரம் பார்ப்பது மேன்மேலும் டிஜிட்டல்தான் என்பதைப் பிரிசில்லா வீட்டில் சொல்லவில்லை. தன் அம்மா அங்கே தைக்கிறாள் என்பதை ரஷீத் பாயிடமும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால், லைனில் உட்காருகிற அத்தனை பேர் போட்டோவையும் போடச்சொல்லி அம்மா உயிரை எடுப்பாள். மகள் பிரியாணிக் கடைகளுக்கு விளம்பரம் எழுதுகிறாள் என்றே சவுரியம்மாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

தொல்லை ஒரு வெள்ளிக்கிழமை ஆரம்பித்தது.

அந்தப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் பலவற்றில் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை வேலை. வெள்ளியன்று முதலாளிகள் ஜும்மா தொழுகைக்குப் போவார்கள். ஞாயிறன்று கிறிஸ்தவப் பெண்கள் முதல் பூசை பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாக வருவார்கள். கேட்டில் வாட்ச்மேன் அதைத் தாமதம் என்று எழுதமாட்டார். இப்படி ஒரு விதியை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலேயே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எழுதியதை மட்டும் படிக்கிற நற்பெயர் சாருக்குத் தெரியவில்லை.

அவர் தொழிற்சாலையின் முகநூல் படங்களை ஆராய்ந்தார். ஞாயிற்றுக்கிழமை எடுத்த படங்களில் பெண்கள் தைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் தொழிற்சாலை ‘காரணமின்றி’ மூடிக்கிடந்தது. சற்று நேரத்தில் பிரிசில்லாவின் திரையில் ஒரு கடிதம் வந்து நின்றது. ரஷீத் அஹமதுவின் பெயரில், ஜெர்மனியில் இருக்கும் ஷூ நிறுவனத்துக்கு எழுதப்பட்ட கடிதம்.

‘எங்கள் தொழிற்சாலையில் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெண்களை வேலை வாங்கி வந்திருக்கிறோம் என்பதைக் கனத்த இதயத்துடன் ஒப்புக்கொள்கிறோம். அவர்கள் ஓய்வறியாதவர்கள் என்பதற்கு எங்கள் படங்களே சாட்சி. இதற்காக வெட்கப்படுகிறோம். இந்த வெட்கமே எங்கள் வளர்ச்சிப் பயணத்தின் முதல் படி.’

கீழே ஒரு குறிப்பு: ‘வாடிக்கையாளரிடம் சம்மதம் கேட்கப்பட்டது. குறித்த நேரத்துக்குள் பதில் வராததால் அவர் மகிழ்ச்சியுடன் சம்மதித்துவிட்டார்.’

பிரிசில்லா உடனே செல்போனை எடுத்தாள். ரஷீத் பாய்க்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. அது தொழுகை நேரம். சூரியபிரகாஷுக்குப் போட்டாள். அவர் வேலூரில் ஒரு கூட்டத்தில் ஏஜென்ட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்கி வந்து எடுத்தார்.

“சார், இந்த லெட்டர் தப்பா இருக்குது சார். போச்சுன்னா பெரிய பேஜாரா ஆய்டும்.”

“நீ படிச்சியா அதை?”

“ஆமா சார்.”

“ஏம்மா படிக்கற? நீ படிக்க ஆரம்பிச்சா சிஸ்டத்தோட வேகம் இன்னா ஆவறது?”

அவள் ‘பிறகு சம்மதம்’ அமுக்கினாள். கடிதம் போய்விட்டுத் திரும்ப வந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி வந்தது. அதற்கடுத்த முறை பொத்தான் சாம்பல் நிறமாகி, ஒரு வரி தோன்றியது: ‘உங்கள் தயக்கத்துக்கு நன்றி. தயக்கம் பரிசீலிக்கப்பட்டுச் சம்மதமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.’

கடிதம் ஜெர்மனிக்குப் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை ரஷீத் அஹமது மாடியேறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் செல்போனை நீட்டியபடியே வந்தார்.

“இன்னாமா பிரிசில்லா இது. நான் எப்பம்மா வெட்கப்பட்டேன்?”

அவள் எழுந்து நின்றாள். “பாய், வெள்ளிக்கிழமையே உங்களுக்கு எத்தனையோ தடவை அடிச்சேன் பாய்.”

“வெள்ளிக்கிழமை நான் எங்க இருப்பேன்னு உனக்குத் தெரியாதா? ஆர்டரை நிறுத்திட்டாங்கம்மா. நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள திருப்தியா பதில் வரலைன்னா வேற நாட்டுக்கு மாத்திடுவாங்களாம். குளிர்கால பூட்ஸ். கட்டிங் முடிஞ்சு லைன்ல ஏறிட்டுது. தையல் ஹால் பூரா அந்த ஒரு ஆர்டர்லதான் ஓடுது. அது போச்சுன்னா நான் ஹாலைப் பூட்டிட்டு எல்லாரையும் வீட்டுக்குத்தான் அனுப்பணும்.”

தையல் ஹாலில் ஜன்னலோரம் மூன்றாவது மெஷினில் தன் அம்மா உட்கார்ந்திருப்பது பிரிசில்லாவின் கண்முன் வந்தது.

“இதை எழுதின ஆளைக் கூப்பிடு,” என்றார் ரஷீத்.

அவள் நற்பெயர் சாரின் நாற்காலியைக் காட்டினாள். அதற்கு மேல் விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“எங்க போயிருக்காரு?”

“அங்கதான் இருக்காரு பாய்.”

ரஷீத் அஹமது நாற்காலியை ஒரு பார்வை பார்த்தார். தோல் மண்டியில் ஏஜென்ட் என்றால் கமிஷன் கேட்பான், சண்டை போடுவான், டீ குடிப்பான். அப்படிப்பட்ட ஏஜென்ட்டுகளோடு காலம் தள்ளிய மனிதர் அவர். களைத்துப்போய் அந்த நாற்காலியிலேயே உட்காரப் போனார்.

“அதுல வேணாம் பாய், அது சார் சீட்டு,” என்றபடி சூரியபிரகாஷ் உள்ளே வந்தார். இன்னொரு நாற்காலி இழுத்துப் போடப்பட்டது. வளர்ச்சி சாருடையதோ தரம் சாருடையதோ அல்ல. வாசலில் செருப்பு வைக்கிற இடத்தில் கிடந்த ஸ்டூல்.

“பாய், நிதானமா யோசிங்க,” என்று ஆரம்பித்தார் சூரியபிரகாஷ். “ஒரு வருஷமா உங்க பேஜை ஊர்ல இருக்கறவனே பார்க்கலை. இப்ப ஜெர்மனில உக்காந்து படிக்கறான். திட்டிக்கிட்டே படிக்கறான், ஒத்துக்கறேன். ஆனா படிக்கறான் இல்ல?”

“எனக்கு அவன் படிக்க வேணாம் சூரியா. ஷூ போட்டா போதும். லெட்டரை வாபஸ் வாங்கு.”

“அது முடியாது பாய். நான் பூந்து வாபஸ் வாங்கினா நாளைக்கு ஏஜென்ட்டுங்க என்னை மதிக்குமா? முதலாளிங்கறதுனாலதான் நான் இதுல தலையிடக் கூடாது. ‘தலையிடாத தலைவர்’னு எனக்கு ஏலகிரில ஷீல்டே குடுத்திருக்காங்க.”

“அப்ப யாருதான் தலையிடுவாங்க?”

“இதோ, பிரிசில்லா. ஒரு மனுஷி இருக்கணும்னுதானே வெச்சிருக்கோம்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். அவள் தன் இரண்டு பொத்தான்களைப் பார்த்தாள்.

முறைப்படி என்ன செய்ய முடியுமோ அதையெல்லாம் அன்று முழுக்கச் செய்தாள். முதலில் குறைதீர் சாருக்குப் புகார் எழுதினாள். உடனே பதில் வந்தது: ‘உங்கள் வேதனை புரிகிறது. தீர்க்கப்பட்டுவிட்டது.’ என்ன தீர்க்கப்பட்டது என்று கேட்டாள். ‘வேதனை’ என்று வந்தது. பிறகு ஏஜென்ட்டுகளின் அவசரக் கூட்டத்தைக் கூட்டும்படி வேண்டினாள். கூட்டம் கூடியது. அந்த மன்னிப்புக் கடிதம் நிறுவன வரலாற்றிலேயே அதிகம் கவனிக்கப்பட்ட படைப்பு என்று வளர்ச்சி சார் அறிவித்தார். நற்பெயர் சார் அடக்கத்துடன் அதை ஏற்றுக்கொண்டு, இனி எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ‘வாரம் ஒரு மன்னிப்பு’ என்ற திட்டத்தை முன்வைத்தார். ஒருமனதாக நிறைவேறியது.

மத்தியானத்துக்குள் திரையில் கடிதங்கள் குவிந்தன. ஒரு பிரியாணிக் கடை ஆடுகளிடம் மன்னிப்புக் கேட்டது. ஒரு கல்யாண மண்டபம், அங்கே தாலி கட்டி பிறகு பிரிந்து போனவர்களிடம் மன்னிப்புக் கேட்டது. ஆற்காட்டில் ஒரு மக்கன்பேடா கடை, சர்க்கரை நோயாளிகளின் குடும்பத்தாருக்கு உருக்கமாக எழுதியது. தோல் பதனிடும் ஆலைகள் சார்பாகப் பாலாற்றுக்கு ஒரு மன்னிப்பும் வரைவாகியிருந்தது. அதை மட்டும் படித்தபோது பிரிசில்லாவுக்கு, இதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று தோன்றியது. தரம் சார் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். ‘அதிக உண்மைத்தன்மை. வாசகர் ஈடுபாடு குறையும்’ என்பது அவர் குறிப்பு.

மற்ற எல்லாவற்றுக்கும் அவளுடைய தயக்கம் பரிசீலிக்கப்பட்டுச் சம்மதமாக ஏற்கப்பட்டது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது சவுரியம்மாள் களைந்த அரிசியையே மறுபடி களைந்துகொண்டிருந்தாள்.

“இன்னாம்மா?”

“ஹாலை மூடறாங்களாம்டி. நாளைக்குத் தெரிஞ்சிடுமாம். பாய் ஹாலுக்கு வந்து நின்னாரு, ஒண்ணும் பேசாம போய்ட்டாரு. எவனோ எங்களைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டுட்டானாம், ஞாயித்துக்கிழமை வேலை வாங்கறாங்கன்னு.” அவள் கழுநீரைச் சாய்த்தாள். “நான் பூசையைப் பார்த்துட்டுத்தானே போறேன். எனக்கு இல்லாத வலி அவனுக்கு இன்னா?”

பிரிசில்லா சாப்பிட உட்கார்ந்தாள். பாதியிலேயே கை கழுவினாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. ரஷீத் பாயிடம் கேட்டு, ஜெர்மனிக்காரர்கள் போன முறை வந்தபோது கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டை வாட்ஸ்அப்பில் வாங்கினாள். அந்த ஊரில் விடிகிற நேரம் வரும்வரை காத்திருந்தாள். டயர் கடைப் படிக்கட்டில் நின்று போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள். இருவருக்குமே ஆங்கிலம் சொந்த மொழி இல்லை என்பதால் பேச்சு நன்றாகப் புரிந்தது.

“ஆர்டரை நான் நிறுத்தவில்லை,” என்றாள் அந்தப் பெண். “எங்கள் ஏஜென்ட் நிறுத்தியது. நான் பொத்தானை மட்டும்தான் அமுக்கினேன்.”

“என்ன பொத்தான்?”

“சம்மதம்.”

பிரிசில்லா படியில் உட்கார்ந்துவிட்டாள். “எனக்கு ரெண்டு பொத்தான்.”

“நீங்கள் கொடுத்து வைத்தவர்.”

வெள்ளிக்கிழமை விடுமுறையைப் பற்றிப் பிரிசில்லா விளக்கத் தொடங்கினாள். அந்தப் பெண் இடைமறித்தாள். அவளுக்கு அது தெரியும். அந்தத் தொழிற்சாலைக்கு அவள் வந்திருக்கிறாள். வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். ஹாலில் பெண்களோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டிருக்கிறாள்.

“தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?”

“எனக்குத் தெரிந்ததைப் போடுவதற்கு இங்கே இடம் இல்லை. மனிதர் எழுதும் கடிதத்தை எங்கள் ஏஜென்ட் நம்பாது. உங்கள் ஏஜென்ட் எழுதி அனுப்பினால் அது வரிசையில் ஏறும், என்னிடம் வரும். வந்தால் நான் அமுக்கிவிடுவேன். மாலைக்குள் அனுப்புங்கள்.”

பிரிசில்லா மேலே ஓடினாள். நற்பெயர் சாரை விளக்கம் எழுதச் சொன்னாள். விளக்கம் தன் துறை இல்லை என்றார். மறுப்பு எழுதச் சொன்னாள். மறுப்பு நிறுவனப் பண்பாட்டுக்கு விரோதம் என்றார். அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான் என்று அப்போது அவளுக்கு உறைத்தது. ‘நாம் கேட்ட மன்னிப்புக்கு ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும்’ என்று தட்டினாள்.

நற்பெயர் சார் பரவசமடைந்தார். மன்னிப்புக்கு மன்னிப்பு இத்துறையில் இதுவரை யாரும் எட்டாத உயரம் என்றார். வெள்ளி விடுமுறை, ஞாயிறு வேலை, முதல் பூசை, வாட்ச்மேன், எல்லாவற்றையும் அவள் சொல்லச் சொல்லக் கடிதம் வளர்ந்தது. நல்ல கடிதம். தலையும் வாலும் சரியாக இருந்தன. பிறகு தரம் சார் அதைத் தடுத்து நிறுத்தினார். பொறுப்பான நபரின் பெயரும், அவர்மேல் எடுத்த நடவடிக்கையும் இல்லாத மன்னிப்பு முழுமையாகாதாம்.

அவள் ‘நற்பெயர் சார்’ என்று போட்டாள். ‘ஏஜென்ட்டுகள் பொறுப்பை உணர்வார்கள். ஏற்கமாட்டார்கள்’ என்று திரும்பி வந்தது.

‘சூரியபிரகாஷ்’ என்று போட்டாள். ‘தலையிடாதவர் தவறிழைக்க இயலாது’ என்று திரும்பி வந்தது.

ரஷீத் அஹமதுவின் பெயரைப் போட்டால் ஆர்டரே போய்விடும். அவள் விரல் விசைப்பலகைமேல் நின்றது. அவள் ஒன்றும் தட்டாமலேயே அந்த வரி தானாக நிரம்பியது.

‘இத்தவறு மனித ஒப்புதல் பொறுப்பாளர் செல்வி பிரிசில்லாவின் கவனக்குறைவால் நேர்ந்தது. அவர் இன்றே பணியிலிருந்து விலக்கப்படுகிறார்.’

தரம் சார் முழு மதிப்பெண் கொடுத்தார்.

அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சூரியபிரகாஷின் அறைக்குப் போனாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நல்லா எழுதியிருக்குது,” என்றார்.

“சார், வெள்ளிக்கிழமை நான் வேணாம்னுதானே உங்களுக்குப் போன் பண்ணேன்.”

“பண்ணே. நான் இல்லைங்கலை. ஆனா அது சிஸ்டத்துல இல்லையேம்மா. சிஸ்டத்துல இருக்கறது உன் சம்மதம்.” அவர் குரலைத் தாழ்த்தினார். “இதபாரு, உன்னை யாரும் கட்டாயப்படுத்தலை. நீயா ஆரம்பிச்ச லெட்டர், பிடிக்கலைன்னா அழிச்சிடு. உன் வேலை உனக்கு. இந்த சிஸ்டத்தோட அழகே அதுதான், கடைசி முடிவு மனுஷன் கையில.”

“ஆர்டர்?”

“அதுல நான் தலையிடக் கூடாது.”

அவள் தன் இடத்துக்கு வந்தாள். அவர் சொன்னது சரிதான். தானே தொடங்கிய கடிதம் என்பதால் திரையில் மூன்றாவதாக ஒரு பொத்தான் முளைத்திருந்தது. சிவப்பு நிறம். ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தது. வந்த நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த பொத்தான். அதை அமுக்கினால் நாளைக்கும் இதே நாற்காலி, இதே மாடி, அம்மா சொல்லிக்கொள்ளும் மேனேஜர் பதவி. சாலையில் பள்ளிகொண்டா பக்கம் போகிற பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. வெயில் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது. செல்போன் அதிர்ந்தது, ரஷீத் பாய். எடுத்தாள்.

“இன்னாமா, ஏதாவது ஆச்சா? ஹால்ல எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு என் மூஞ்சியவே பார்க்கறாங்கம்மா.”

“அஞ்சு நிமிஷம் பாய்.”

அவள் கடிதத்தை முதலிலிருந்து ஒரு முறை படித்தாள். தன் பெயர் வரும் வரியையும் படித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ‘சம்மதம்’ அமுக்கினாள்.

ஜெர்மனியில் ஒருத்தி தன் ஒரே பொத்தானின்மேல் விரலை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும். டீ ஆறுவதற்குள் பதில் வந்தது. ஆர்டர் விடுவிக்கப்பட்டிருந்தது. ஒலிபெருக்கியில் வளர்ச்சி சார் நற்பெயர் சாருக்கு நன்றி சொன்னார். தன் பொறுப்பிலிருந்த கடைசி பணியாளரின் நலனும் நிறைவடைந்ததாகப் பணியாளர் நலன் சார் அறிவித்தார். சூரியபிரகாஷ் அறையிலிருந்து வந்து கைகுலுக்கினார். அடுத்த மாதம் ஏலகிரியில் தான் பேசப்போகும் கூட்டத்தில் இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்வேன் என்றும், அவள் பெயரைக் கட்டாயம் குறிப்பிடுவேன் என்றும் உறுதி கூறினார்.

பிரிசில்லா வீடு வந்து சேர்ந்தபோது சவுரியம்மாள் வேலையிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

“ஹால் தப்பிச்சுதுடி. பாயே வந்து சொன்னாரு. நாளையிலேர்ந்து மெஷின் ஓடும், ஞாயித்துக்கிழமையும் வேலை ஜாஸ்தி.”

“நல்லதும்மா.”

“மொட்டைக் கடுதாசி இல்லையாம். எவளோ ஒருத்தி ஆபீஸ்ல உக்காந்துகினு, இன்னா ஏதுன்னு பார்க்காம எதையோ அமுக்கிட்டாளாம். அவளாலதான் இவ்ளோ பேஜாரு. இன்னைக்கே தூக்கிட்டாங்களாம். பாய் அவ பேரைச் சொல்லலை. நாங்க கேட்டதுக்கு, விடுங்கம்மான்னு மூஞ்சியத் திருப்பிக்கினாரு.”

“ம்.”

“தூக்காம பின்ன? அத்தனை பேரு வயித்துல அடிக்கப் பார்த்தாளே. நல்லா வேணும்.” சவுரியம்மாள் இன்னொரு டம்ளரில் டீயை ஊற்றி மகளிடம் நீட்டினாள். “நீயும் உங்க ஆபீஸ்ல எது வந்தாலும் படிச்சுப் பார்த்துட்டு அமுக்குடி.”

பிரிசில்லா டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“படிச்சுப் பார்த்துட்டுத்தாம்மா அமுக்கினேன்.”

“அப்படித்தான் இருக்கணும்,” என்றாள் சவுரியம்மாள்.